அக்காவின் நான்காவது படி

என் அக்கா குள்ளம். ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரைக்கும் அவளை ‘நீளம் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். அதே இடத்தில் விஞ்ஞானியாக இருக்கும் அவள் கணவரை, அதாவது என் மாமாவை, ‘தட்டை சார்’ என்பார்கள். மாமா ஆறடி உயரம், முன்னால் நல்ல தொப்பை. இப்படிப் பெயர் வைத்தவன் கண் தெரியாதவனாக இருக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வைத்தவன் நான்தான்.

நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். விஞ்ஞானி இல்லை. ஏசி மெக்கானிக்காக இருந்தவன், திரவ நைட்ரஜன் ஊற்றுகிற வேலைக்கு வந்தேன். அக்கா சிபாரிசில் நுழைந்தவன் என்று இன்றைக்கும் பேச்சு அடிபடுகிறது. சுத்தப் பொய். நேர்முகத் தேர்வு நடந்த அன்று அவள் அதிகாரியின் அறைக்கே போய், “தயவுசெஞ்சு அவனை எடுக்காதீங்க, சார். என் நிம்மதி போயிடும்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஒரு காரணத்துக்காகவே என்னை எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். வேலையில் நான் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும், அவள் என்னை வாடா போடா என்று சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். நான் என் பங்கைக் காப்பாற்றுகிறேன்.

அவள் செய்யும் ஆராய்ச்சியைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்த அளவுதான் சொல்லப்போகிறேன். ஒரு பெரிய கூடம். நடுவில் நகத்தளவு மெல்லிய தகடு. ஒரு எந்திரம் நூறடி தள்ளி இருந்து அணுக்கருக்களைப் படுவேகத்தில் அந்தத் தகட்டின் மேல் வீசும். வீசுவதில் முக்கால்வாசி எதன் மேலும் படாமல் போய்விடும். எப்போதாவது ஒன்று தகட்டிலிருக்கும் கருவை ஓரமாக இடித்து அதோடு ஒட்டிக்கொள்ளும். சந்தில் எதிரெதிரே ஓடிவரும் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டால் ஒரு சுற்று சுற்றி நிற்பார்கள் இல்லையா, அந்த மாதிரி ஒட்டிய கருவும் சுற்றும். ஆனால் ஒரு சுற்றோடு நிற்காது. ஒரு நொடிக்கு எத்தனை சுற்று என்றால், ஒன்று போட்டு இருபது பூஜ்யம் போட வேண்டும். அந்த வேகத்தில் சுற்றுகிற பொருள் பழைய உருவத்தில் இருக்குமா? இருக்காது. இழுபடும், நசுங்கும், என்னென்னவோ ஆகும். எப்படி ஆகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அக்காவின் உத்தியோகம்.

சுற்றுகிற கரு சட்டென்று நிற்காது. படிப்படியாக வேகத்தை இறக்கும். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு கதிரை வெளியே விடும். தகட்டின் பக்கவாட்டில் நிற்கும் டிடெக்டர்கள் அந்தக் கதிரைப் பிடித்து, அதன் பலம் என்ன என்று திரையில் ஒரு கூர்முனையாகக் காட்டும். கூர்முனைகள் சம இடைவெளியில் வரிசையாக நின்றால் அதற்கு ஏணி என்று பெயர். ஏணியின் படிகளை வைத்துக் கணக்குப் போட்டால் கருவின் உருவத்தை ஓரளவு சொல்லலாம். டிடெக்டர்கள் வேலை செய்ய வேண்டுமானால் பயங்கரக் குளிரில் இருக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் நைட்ரஜன் ஊற்றாவிட்டால் அவை கண்டதையும் காட்டும். ஆக, இந்த உலகத்தில் அணுக்கருவின் உருவம் தெரிகிறது என்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு. எந்தக் கட்டுரையிலும் என் பெயரைப் போட்டதில்லை. போகட்டும்.

பதினோரு வருடத்துக்கு முன் அக்கா ஒரு ஏணியைக் கண்டுபிடித்தாள். ஏழு படி. நான்காவது படியின் எண் ஆயிரத்து நானூற்று அறுபது. ஏழு படி நீளத்துக்கு ஏணி இருந்தால் அந்தக் கரு நன்றாக இழுபட்டு, ரக்பி பந்து மாதிரி நீளமாக இருக்கிறது என்று எழுதினாள். உலகமே கைதட்டியது. உலகம் என்றால் இந்தத் துறையில் இருக்கும் இருநூறு பேர். வேறு இரண்டு நாட்டு ஆய்வுக்கூடங்கள் அதே சோதனையைச் செய்து, ‘ஆமாம், நான்காவது படி எங்களுக்கும் தெரிகிறது’ என்று எழுதின. அந்த இரண்டு கட்டுரைகளையும் அவள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாதது ஒன்றுதான் பாக்கி.

கைதட்டாத ஒரே ஆள் மாமா. ஏணி சரி, ஏழு படியும் சரி, ஆனால் கரு நீளம் இல்லை, தட்டை, சாப்பாட்டுத் தட்டு மாதிரி நசுங்கியிருக்கிறது என்றார். இரண்டில் எது என்று ஏணியை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாதாம். பிடித்தது சனியன். பதினோரு வருடமாக அந்த வீட்டில் அதே பேச்சுதான். அவர்கள் வீட்டு மாடியில்தான் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம், அதனால் முழுவதும் எங்களுக்குக் கேட்கும்.

“முட்டையைச் சுத்தி விட்டுப் பாருங்க, எப்படி எழுந்து நிக்குதுன்னு.”

“முட்டை அணுக்கரு இல்ல.”

“தட்டு மட்டும் அணுக்கருவா? நேத்து நீங்கதானே தட்டைச் சுத்திக் காட்டினீங்க?”

“அது விளக்கம்.”

“உங்க விளக்கத்துல மூணு தட்டு உடைஞ்சிருக்கு.”

சோபாவில் அவள் பக்கம் உருளைத் தலையணை, அவர் பக்கம் வட்டத் தலையணை. காய்கறிக் கடைக்கு இருவரும் சேர்ந்து போனால் கடைக்காரர் உருளைக்கிழங்குக் கூடையை உள்ளே எடுத்து வைத்துவிடுவார். ஒவ்வொரு கிழங்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்து இவர்கள் வாதாடுவதற்குள் மற்ற வாடிக்கையாளர்கள் போய்விடுகிறார்களாம். இவர்கள் மகள் வெளியூரில் சட்டம் படிக்கிறாள். சேர்க்கைத் தேர்வில் முதலிடம். பதினோரு வருடம் வீட்டிலேயே பயிற்சி எடுத்தவள் வேறு எங்கே போவாள்?

இதை வைத்து அவர்களுக்குள் மனக்கசப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போடும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பளபளவென்று இருக்கும். மாமா ஒரு புது வாதத்தோடு குளியலறையிலிருந்து பாதி சோப்போடு வெளியே வருவார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் காகிதம் தேடுவாள். எனக்குத்தான் எரிச்சலாக வரும். பார்க்கவே முடியாத ஒன்றுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று மாடியிலிருந்து கத்துவேன். “நீ நைட்ரஜனைப் பாருடா” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

இந்த வருடம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெரிய மாநாடு. வெள்ளிக்கிழமை காலை முதல் உரை அக்காவுடையது. பதினோரு வருடமாகப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிறவர்களுக்கு நடுவில் பேசியவளுக்கு முதல் தடவையாக ஒரு மணி நேரம். தலைப்பே ‘ஏழு படி ஏணி’. புதுச் செருப்பு வாங்கினாள். இதற்கு மேல் அந்த உரை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செருப்பை அறுந்த பிறகும் ஆறு மாதம் போடுகிறவள் அவள்.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் வினை வந்தது. டெண்டரில் ஆறு வருடம் கிடந்த முன்பக்க டிடெக்டர்கள் போன மாதம்தான் வந்து சேர்ந்திருந்தன. அதுவரை எங்களிடம் பக்கவாட்டில் நிற்கும் டிடெக்டர்கள் மட்டும்தான். புதியவை சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, அக்காவின் அதே பழைய தகட்டை வைத்து மாமா ஒரு சோதனை ஓட்டம் ஓட்டினார். அக்கா தன் அறையில் உரைக்குப் படம் தயாரித்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு எந்திரத்தில் ஏதோ பழுதாகி நின்றுவிட்டது. எந்திரம் நின்றால் எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். நான் நைட்ரஜன் ஊற்றப் போவேன்.

ஊற்றிவிட்டு வந்து திரையைப் பார்த்தேன். எந்திரம் ஓடாதபோது திரையில் ஒரு கூர்முனைகூட இருக்கக் கூடாதே, ஆனால் ஆயிரத்து நானூற்று அறுபதில் ஒருவன் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தான்.

“மாமா, இது அக்காவோட நாலாவது படி இல்ல? மெஷின் நின்னப்புறமும் நிக்குதே?”

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அது சுவர்டா. சிமெண்டுல கொஞ்சம் பொட்டாசியம் இருக்கும், அது எப்பவும் கதிர் விட்டுக்கிட்டே இருக்கும். இங்க வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும்.”

“அதே நம்பர்லயா?”

“அதே நம்பர்தான். கருவோட படியும் அங்க இருக்கு, சுவரும் அங்க இருக்கு. ஒரே இடத்துல ரெண்டு.”

“ரெண்டுன்னு எப்படித் தெரியும்?”

“கருவோடது மத்த படிங்களோட சேர்ந்து அதே நேரத்துல வருது. அதனால அது தனி.”

“சுவர் எல்லா நேரமும் வருதே மாமா. அப்போ யாரு வந்தாலும் கூடத்தானே வரும்?”

எனக்கு இதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இல்லை. கல்யாண போட்டோவில் எல்லாப் படத்திலும் ஒரு ஆள் நிற்பான். பெண் வீட்டார் அவனை மாப்பிள்ளை பக்கம் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் பக்கம் என்று நினைப்பார்கள். கடைசியில் பார்த்தால் சாப்பிட வந்தவன். அந்த ஆள் ஞாபகம் வந்தது, கேட்டேன். அவ்வளவுதான்.

மாமா இப்போதுதான் திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு புது டிடெக்டர்களின் பதிவைத் திறந்தார். அது என்ன விஷயம் என்றால், இடிபட்ட கரு முன்பக்கமாகப் பறக்கும். நம்மை நோக்கி வருகிற வண்டியின் ஹாரன் கொஞ்சம் கீச்சென்று கேட்கிற மாதிரி, முன்பக்க டிடெக்டரில் அதன் கூர்முனைகள் எல்லாம் கொஞ்சம் மேலே நகர்ந்து தெரியும். பக்கவாட்டில் நிற்பவற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இது நாள் வரை எங்களிடம் இருந்ததெல்லாம் பக்கவாட்டுதான்.

ஆறு படி நகர்ந்திருந்தது. நான்காவது படி இருந்த இடத்திலேயே இருந்தது. சுவர் எங்கேயும் பறப்பதில்லை.

மாமா நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் கீழே மூன்று, மேலே மூன்று, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, இரண்டும் ஒரு தடவைகூடச் சேர்ந்து வந்ததில்லை என்றார். நடுவில் இருந்த சுவர்தான் இரண்டு பக்கமும் உறவு கொண்டாடியிருக்கிறது. ஏழு படி ஏணியே கிடையாது. ஏணி இல்லை என்றால் நீளமும் இல்லை.

“தட்டை?” என்று கேட்டேன்.

“தட்டையும் இல்லடா” என்றார், அழுகிற குரலில். “நானும் அதே ஏணி மேலதானே நின்னேன்.”

பதினோரு வருடம், இரண்டு முனைவர் பட்டம், மூன்று சாப்பாட்டுத் தட்டு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

“யாரு சொல்றது அவகிட்ட?” என்றார்.

“நீங்கதான். நீங்கதானே புருஷன்?”

“நீதானே தம்பி? பொறந்ததுலேர்ந்து பழக்கம்.”

இரண்டு கோழைகள் மாறி மாறி மரியாதை செய்துகொண்டதில் திங்கள் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை நான் பேப்பர் எடுக்கக் கீழே இறங்கினேன். அக்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே வழக்கம்போல ஆரம்பித்தாள். “என் உரையில உங்க தட்டைக்கு ரெண்டு நிமிஷம் ஒதுக்கியிருக்கேன். ஆனா நீளம்தான்னு முடிக்கப்போறேன், இப்பவே சொல்லிட்டேன்.”

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, “நீளமாத்தான் இருக்கும்மா” என்றார்.

வெண்ணெய்க் கத்தி அந்தரத்தில் நின்றது.

“என்ன சொன்னீங்க?”

“நீ சொல்றதுதான் சரி. யோசிச்சுப் பார்த்தேன்.”

அட மனுஷா, பொய் சொல்லவும் ஒரு அளவு வேண்டாமா? பதினோரு வருடம் குரல் கம்மக் கத்தியவர் ஒரே நாளில் காலில் விழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பாவம், அவள் எதையாவது பிடித்துக்கொண்டு தெம்பாக இருக்கட்டும் என்று நினைத்தாராம். பிறகு சொன்னார். அன்று மாலை காபி ஆறிப்போயிற்று என்று அவள் சொன்னதற்கு, ஆமாம் என்றார். இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்று சொன்னதற்கும், ஆமாம் என்றார். புதன்கிழமை அவள் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுக் காட்டியிருக்கிறாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா மாடிப்படி ஏறி வந்தாள். கண் சிவந்திருந்தது. “டேய், மாமாவுக்கு என்னவோ ஆயிடுச்சுடா. என்கிட்ட எதையோ மறைக்கிறார். ஏதோ பெரிய வியாதி. அதான் போறதுக்குள்ள என் மனசைக் குளிர வைக்கணும்னு பார்க்கிறார்” என்று சொல்லிக் கையைப் பிசைந்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், “அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா, வயசாகுது இல்ல” என்றேன். அது அவளுக்கு இன்னும் பயத்தைக் கிளப்பிவிட்டது.

வியாழக்கிழமை காலை டாக்டரிடம் அவரை இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் நிதானமான மனிதர், கழுத்தில் மாட்டியதைக் காதில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன தொந்தரவு?”

மாமா வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள். “ரெண்டு நாளா நான் சொல்றதுக்கெல்லாம் சரி சரின்னு சொல்றார், டாக்டர்.”

டாக்டர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். “மேடம், இந்த வியாதி எனக்கு வந்தா எங்க வீட்டுல கொண்டாடுவாங்க.”

“சிரிக்காதீங்க. நேத்து ரெண்டையும் மூணையும் பெருக்கினா அஞ்சுன்னு சொன்னேன். அதுக்கும் தலையாட்டினார்.”

டாக்டரின் முகம் மாறியது. மாமாவிடம் இன்று என்ன தேதி என்று கேட்டார். சரியாகச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். தொட்டார். கண்ணில் வெளிச்சம் அடித்தார். “இவங்க சொல்றதுக்கு எதிரா ஏதாவது சொல்லுங்க” என்று அக்காவைக் கைகாட்டி மாமாவிடம் சொன்னார். மாமா அக்காவைப் பார்த்தார். எதிர்த்துச் சொல்ல அவருக்கு ஒன்றும் வரவில்லை.

“சரி, தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்” என்று டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தார். அக்கா டாக்டரின் மேஜையில் இருந்த பஞ்சை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அக்கா, அவருக்கு ஒண்ணும் இல்ல. உன் நாலாவது படி சுவர்.”

சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கும் ஸ்கேன் எழுதலாமா என்று யோசிக்கிற பார்வை.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு மாமா பக்கம் திரும்பினாள். “முன்பக்கத்துல பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“எவ்வளவு நகர்ந்துது?”

“மத்த ஆறும் நூத்துக்கு மூணு.”

“நாலாவது?”

“பூஜ்யம்.”

அவள் டாக்டரின் சீட்டை இழுத்து, ஸ்கேன் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே ஆறு கோடு போட்டாள். நடுவில் ஏழாவதாக ஒரு கோடு. அதைச் சுற்றி வட்டம். “பொட்டாசியம்” என்றாள், வீட்டுக்கு வந்து திருடிக்கொண்டு போன பழைய நண்பனின் பெயரைச் சொல்வது போல.

“எந்தச் சுவர்?” என்று டாக்டர் கேட்டார்.

“எல்லாச் சுவரும்தான், டாக்டர். இதுலேர்ந்தும் இப்போ வந்துக்கிட்டுதான் இருக்கு.”

டாக்டர் தன் நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். அக்கா அவரிடம், அதனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று விளக்கிவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை இருநூறு பேர். அவள் நினைத்தால் பழைய படங்களையே காட்டிவிட்டு வரலாம். முன்பக்கப் பதிவை மாமாவையும் என்னையும் தவிர யாரும் பார்க்கவில்லை. அல்லது காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாம். கூசாமல் சொல்கிறேன், நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் காய்ச்சல்தான். பதினோரு வருடத்தைத் தன் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட எவனுக்கு மனசு வரும்? அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா கதவுக்கு வெளியே நின்று, “உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யும்மா” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நான் நைட்ரஜன் ஊற்றிவிட்டுக் கையுறையோடு அரங்கத்தின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அக்கா மேடையில் ஏறினாள். மைக் அவள் தலைக்கு மேலே நின்றது, வளைத்து இறக்கினாள். முதல் படத்தைப் போட்டாள். ஏணி இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். ஒரு மூலையில் ஈரம் பூத்திருந்தது, நடுவில் பாதி கிழிந்த பாதுகாப்பு அறிவிப்பு. எங்கள் கூடத்துச் சுவர்தான். காலையில் எனக்கு முன்பே வந்து எடுத்திருக்கிறாள்.

“பதினோரு வருஷமா இவர் என்னோட சேர்ந்து வேலை செஞ்சிருக்கார்” என்றாள். “என் கட்டுரையில நாலாவது படி இவரோடது. பெயர் போட மறந்துட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிறகு முன்பக்கப் பதிவைக் காட்டினாள். நகர்ந்த ஆறையும் நகராத ஒன்றையும் குச்சியால் தொட்டுக் காட்டினாள். ஏணி இரண்டு துண்டாக நிற்பதையும் காட்டினாள். எங்கேயும் குரல் உடையவில்லை. நான்தான் கையுறையால் கண்ணைத் துடைக்கப்போய், மூக்கெல்லாம் சில்லிட்டுப்போயிற்று.

பேசி முடித்தாள். அப்புறம் மூன்றாவது வரிசையில் ஒரு தாடிக்காரர் மெதுவாக எழுந்தார். அக்காவின் படியை உறுதிசெய்த இரண்டு ஆய்வுக்கூடங்களில் ஒன்றின் தலைவர். மைக்கை வாங்கி இரண்டு தடவை தட்டினார்.

“மேடம், எங்களுக்கும் அந்தப் படி ரொம்பத் தெளிவா தெரிஞ்சுது” என்றார். “எங்க சுவர் ரொம்பக் கெட்டியான சுவர்.”

மறுகோடியில் இன்னொரு கை எழுந்தது. இரண்டாவது ஆய்வுக்கூடம். “எங்களோடது அப்போதான் புதுசா பூசினது. அதான் இன்னும் நல்லா தெரிஞ்சுது.”

அதற்குப் பிறகு அரங்கமே வெடித்தது. சிரித்துச் சிரித்து இருமினவர்கள், மேஜையைத் தட்டினவர்கள், எழுந்து நின்று கைதட்டினவர்கள். யாரோ ஒருவர், அப்படியானால் அந்தக் கரு என்ன உருவம் என்று கேட்டார். அக்கா, “தெரியாது” என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். மாமா எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார், கை சிவக்கிற அளவுக்கு.

நான் சந்தோஷமாக வெளியே ஓடிவந்தேன், மேடத்தைத் தூக்கிச் சுற்றலாம் என்றுதான். அரங்கத்தின் பின்பக்கப் படிக்கட்டில் அவள் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் அறையில் அழுத அழுகை இல்லை, குலுங்கிக் குலுங்கி. மாமா அவளுக்கு எதிரே கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நான் கதவோடு ஒட்டி நின்றுவிட்டேன்.

“ஏம்மா, எல்லாரும் எவ்வளவு பாராட்டினாங்க? யாரும் உன்னைக் குறைவா நினைக்கலையே?” என்றார்.

“சுவர் ஏமாத்தினதுக்கு நான் அழலை” என்றாள் அக்கா. “அதுக்கு என்ன தெரியும்? நான்தான் ஏமாந்தேன். ஆனா நீங்க சரி சரின்னு சொன்னீங்களே. தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்களே. பதினோரு வருஷத்துல நான் ஒரு நாள்கூடத் தனியா இருக்கறதா நினைச்சதில்லை. இந்த ரெண்டு நாள் நினைச்சேன்.”

அந்த ஆறடி உருவம் அப்படியே தளர்ந்து போனதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நான் செய்ததும் அதேதான் என்று உறைத்தது.

“தப்புதான்” என்றார் கடைசியில். “உனக்கு வலிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். இனிமே செய்ய மாட்டேன்.”

அக்கா மூக்கைச் சிந்தினாள். கொஞ்ச நேரம் தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இன்னிக்கு நான் பேசினது எப்படி இருந்துது?” என்று கேட்டாள்.

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஆரம்பம் நல்லா இருந்துது. கடைசிப் பத்து நிமிஷம் ஒரே இழுவை. அஞ்சாவது படத்துல ஒரு எண் தப்பு.”

அக்கா படிக்கட்டில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

“எந்த எண்?” என்றாள்.